முப்பத்தாறு நீலப் புள்ளிகள்

டேப்லெட்டுக்கு ஃபேன் வாங்கிய அன்றுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

எங்கள் கம்பெனி மண்ணூரிலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் இருக்கிறது. கார் கதவின் பூட்டைத் தாங்குகிற இரும்பு பிராக்கெட் செய்கிறோம். உள்ளங்கை அளவுதான், இரண்டு துளை, ஒரு மடிப்பு. பிரஸ்ஸில் அடித்த பிராக்கெட்டுகளைத் தட்டுக்கு முப்பத்தாறாக அடுக்கி எங்கள் செக்கிங் மேஜைக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு துளைக்குள்ளும் எஃகு கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். கேஜின் ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. நாளெல்லாம் இதுதான் வேலை. மேஜையில் மூன்று பேர்: மாடத்தி அக்கா, இசக்கிசெல்வி அக்கா, நான். அவர்கள் இருவரும் தெற்கே தூத்துக்குடிப் பக்கம். மண்ணூரில் ஹாஸ்டலில் இருக்கிறார்கள். நான் பென்னலூர். பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டு, பதினெட்டு முடிந்ததும் வேலைக்கு வந்தவள்.

தகரக் கூரை. மேஜைக்கு ஒரு ஃபேன் போடச் சொல்லி மாடத்தி அக்கா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சித்திரையில் புது சாஃப்ட்வேர் வந்தது, அதோடு எங்கள் மேஜைக்கு ஒரு டேப்லெட். மூன்றாம் நாள் அது சூடாகி அணைந்தது. நான்காம் நாள் அதற்கு ஃபேன் வந்துவிட்டது. அதை டேப்லெட்டின் முகத்துக்கு நேராக நிறுத்தி, ‘யாரும் திருப்பக் கூடாது’ என்று எழுதி ஒட்டினார் சூப்பர்வைசர் சுபாஷ் சார்.

“அதுக்கு வேக்குதுல்லா, பாவம்” என்றாள் மாடத்தி அக்கா. “நமக்கு என்ன, நாம இரும்பு.”

சாஃப்ட்வேரின் விலை யாருக்கும் தெரியாது. கேன்டீனில் பன்னிரண்டு லட்சம் என்றார்கள். கம்பெனி பஸ்ஸில் பதினெட்டு. கேட்டில் செக்யூரிட்டி லீலா அக்கா, “இருபத்தஞ்சுக்கு ஒரு ரூபா கம்மி இல்லடி, பில்ல என் கண்ணால பாத்தேன்” என்றாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமாகும், பில்லை எப்போது பார்த்தாளோ. விலை எதுவானாலும், அந்த மாதத்திலிருந்து கேன்டீனில் புதன்கிழமை முட்டை நின்றுவிட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. நாங்களே இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

சாஃப்ட்வேரை விற்றவர் பெயர் காசிராஜன். தொடங்கி வைத்த அன்று பூசணிக்காய் உடைத்து, டேப்லெட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். சந்தனம் கேமரா மேல் வழிந்தது. காசிராஜன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே பேசினார். “இனிமே பேப்பர் கிடையாது. யார் செக் பண்ணாங்க, எத்தனை மணிக்குப் பண்ணாங்க, எல்லாம் டேட்டா. மனுஷன் மறப்பான். டேட்டா மறக்காது.” சுபாஷ் சார் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினார். அடுத்த வாரம் அவர் காதில் புது வயரில்லாத ஹெட்செட் இருந்தது. அதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

பழைய செக்கிங் ரெஜிஸ்டர்களைச் சாக்கில் கட்டி, கழித்த இரும்போடு போட்டார்கள். பாதிக்கு மேல் எழுதாத பக்கங்கள். இரண்டை நான் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இதை அதில்தான் எழுதுகிறேன்.

செக்கிங் பக்கம் திறக்க வேண்டுமென்றால் டேப்லெட்டில் விரல் வைக்க வேண்டும். எங்கள் விரல்களில் தகடு உராய்ந்து உராய்ந்து ரேகையே இல்லை. போதாததற்குத் துரு பிடிக்காமல் பூசுகிற எண்ணெய். நான் வைத்தால் சிவப்பு விளக்கு. இசக்கிசெல்வி அக்கா வைத்தாலும் சிவப்பு. சுபாஷ் சார் வைத்தபோது டேப்லெட்டே அணைந்துபோனது. மாடத்தி அக்காவுக்கு மட்டும் எண்ணெய் ஒத்துக்கொள்ளாமல் கை வெடிக்கும் என்பதால் அவள் எப்போதும் இரண்டு ஜோடி துணி உறை போட்டிருப்பாள். அவள் விரல் மட்டும் குழந்தை விரல் மாதிரி இருந்தது. அவள் வைத்த உடனே பச்சை.

அதனால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலையில் மாடத்தி அக்கா உறைகளைக் கழற்றி விரல் வைப்பாள். ஷிஃப்ட் முடிகிறவரை அந்தப் பக்கம் திறந்தே இருக்கும். மூன்று பேரும் அதிலேயே அழுத்துவோம். சாயங்காலம் அவள் பையைத் தூக்கும்போது அடுத்த ஷிஃப்ட்காரர்கள் கத்துவார்கள்: “விரல் வச்சிட்டுப் போ மாடத்தி!” அவளும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடி வந்து வைத்துவிட்டுப் போவாள். சுபாஷ் சாரே இரண்டு தடவை, “மாடத்தி, விரல் வச்சிட்டியா? லைன் நின்னுடப் போவுது” என்று கேட்டிருக்கிறார். தேதியோடு குறித்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அது எங்கள் மூவருக்கு மட்டும் தெரிந்தது. முன்பெல்லாம் பார்த்து முடித்த பிராக்கெட்டில் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்போம். டேட்டா வந்த பிறகு மார்க்கர் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மாடத்தி அக்கா அன்றைக்கே ஃபேன்ஸி ஸ்டோருக்குக் கூட்டிப்போய் மூன்று நெயில் பாலிஷ் பாட்டில் வாங்கினாள். அவளுக்கு மெரூன், இசக்கிசெல்வி அக்காவுக்குத் தங்க நிறம், எனக்கு நீலம்.

“மடிப்புக்கு உள்ள, வெளிய தெரியாம வைக்கணும், என்ன?” என்றாள். “இந்த மிஷினு நாளைக்கு ஒரு பிரச்சனைன்னா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுரும். புள்ளி அப்படிச் சொல்லாதுட்டி.”

அவள் யாரையும் எளிதில் நம்பமாட்டாள். எங்கள் இருவரை மட்டும் நம்பினாள் என்று நினைக்கிறேன்.

*

சாஃப்ட்வேரோடு எல்லோருக்கும் ஒரு மெயில் கொடுத்தார்கள். நூற்று நாற்பது பேருக்கும். லைனில் போன் வைத்திருக்கக் கூடாது. அதனால் மேஜை டேப்லெட்டிலேயே எம்ப்ளாயி நம்பரை அடித்தால் அவரவர் மெயில் திறக்கும். அதற்கு விரல் வேண்டாம். யார் யாருக்கு மெயில் போடப் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பத்தடியில் நிற்கிறவருக்கு மெயில் போடுவதைவிடக் கூப்பிடுவது சுலபம்.

ஒரு திங்கட்கிழமை எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. அதில் இப்படி இருந்தது: ‘இதைப் படித்த ஒரு மணி நேரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கு அனுப்புங்கள். அனுப்பியவருக்குப் பதினைந்தே நாளில் பர்மனென்ட் ஆர்டர். ஒருவர் சிரித்துவிட்டு அழித்தார். மூன்றாம் நாள் அவர் கை பிரஸ்ஸில் போயிற்று.’

வேறு எதையாவது எழுதியிருந்தால் சிரித்திருப்போம். பிரஸ்ஸில் விரல் போனவர்கள் எங்களோடு கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். முதலில் இசக்கிசெல்வி அக்கா அனுப்பினாள். பயம் போகவில்லை என்று இன்னொரு தடவையும் அனுப்பினாள்.

“நீ அனுப்பலயாக்கா?” என்று மாடத்தி அக்காவைக் கேட்டேன்.

“அழிச்சிட்டேன். மெயில்ல பர்மனென்ட் வருமாக்கும்! மூணு வருசமா கேஜக் குத்திக்கிட்டு கெடக்கேன், அதுக்கு வராதது இதுக்கு வந்துருமா?”

அவளுக்கு அந்த ஆனியில் மூன்று வருடம் முடிகிறது. கான்ட்ராக்ட்டில் இருப்பவர்களில் ஆறு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள்; பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரில் தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்திருந்தாள்.

நான் அனுப்பினேன். பன்னிரண்டு பேரின் நம்பரையும் ஒவ்வொன்றாக அடித்து அனுப்பினேன். பாதியில் டேப்லெட் நின்றுவிட்டது. நூற்று நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன ஆகும்? திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃபேன் அதன் முகத்தில் ஊதிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் தட்டுகள் குவிந்தன. கடைசி ஒரு மணி நேரத்தில் எப்படியோ எல்லாவற்றையும் முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தோம்.

*

மூன்று வாரம் கழித்து கார் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. ஒரு தட்டு பிராக்கெட்டில் துளையெல்லாம் பிசிறு, போல்ட்டே ஏறவில்லை. அவர்கள் லைன் நாற்பது நிமிடம் நின்றதாம். சுபாஷ் சார் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. காசிராஜன் சொன்ன மாதிரியே பெயர் வந்து நின்றது.

“மே பத்தொம்பது லாட். செக் பண்ணது மாடத்தி.”

“சார், என் விரலுதான் இருக்கும். மூணு பேரும் அதுலதான சார் அழுத்துதோம்?”

“உன் விரல எவன் குடுக்கச் சொன்னது? விரல்னா கையெழுத்துமா. கையெழுத்த ஊருக்கெல்லாம் வாடகைக்கு வுட்டுக்கினு கீறியா?”

“நீங்கதான சார், விரல் வச்சிட்டியான்னு கேட்டிய?”

“நானா? நான் எப்போ கேட்டேன்?”

அவர் சுற்றிலும் பார்த்தார். பிரஸ்காரர்கள் பிரஸ்ஸைப் பார்த்தார்கள். இசக்கிசெல்வி அக்கா கேஜைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். தேதி என் பைக்குள் ரெஜிஸ்டரில் இருந்தது.

மறுநாள் எச்.ஆர். பூஜா மேடம் மாடத்தி அக்காவைக் கூப்பிட்டு, பத்து நாளுக்குள் விளக்கம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறு பேர் பட்டியலில் பெயர் இருக்காது, கான்ட்ராக்ட்டையும் நீட்டிக்கமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினாள். மாடத்தி அக்கா மேஜைக்கு வந்து உறைகளைப் போட்டுக்கொண்டாள். அழவில்லை.

“அந்தப் பீஸ வரவழைங்கன்னு மேனேஜர்ட்ட சொல்லிட்டேன்” என்றாள் மெதுவாக. “எதுக்குன்னாரு. என் கண்ணால பாக்கணும்னேன். வரட்டும். புள்ளி சொல்லும்.”

அந்தத் தட்டு எங்கள் ஷிஃப்ட்டில் போனது என்பது தெரிந்துவிட்டது. மூன்று நிறத்தில் ஒன்று. அன்றிலிருந்து எங்கள் மேஜையில் பேச்சு குறைந்தது.

நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். சுபாஷ் சாரை முதலில். அந்த ஹெட்செட்டைக் கொடுத்தவருக்காக டேட்டாவில் பெயரை மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். பிறகு பூஜா மேடம்: பட்டியலில் ஏழாவதாக இருப்பது அவள் தெருக்காரர். பிறகு இசக்கிசெல்வி அக்கா: மெயிலை இரண்டு தடவை அனுப்புகிறவள் கேஜை ஒரு தடவையாவது விட்டிருப்பாளா? ஒரு மத்தியானம் முழுக்க மாடத்தி அக்காவையே சந்தேகப்பட்டேன். மெரூன் புள்ளியாகவே இருந்துவிட்டால்? அவள் அவ்வளவு தைரியமாகக் கேட்டது நடிப்போ என்றுகூடத் தோன்றியது. என்னைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. பத்தொன்பதாம் தேதி என்பது எனக்கு வெறும் ஒரு தேதியாக இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இசக்கிசெல்வி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏ செங்கா, உம் புள்ளியா இருந்தா இப்பமே சொல்லிரு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

“உங்க புள்ளியா இருந்தா?”

“எம் புள்ளியாவா? எப்படிட்டி என் மூஞ்சிக்கு நேரா கேக்க?”

“நீங்க மட்டும் கேக்கலாமாக்கா?”

அவள் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

*

வெள்ளிக்கிழமை காசிராஜன் வந்தார். கேன்டீன் சுவரில் வெள்ளைத்துணி கட்டி, எல்லோரையும் உட்காரவைத்துப் படம் காட்டினார். மேனேஜர் தாண்டவராயன் சார் முன் வரிசையில் இருந்தார். அவர் ஒரு காலத்தில் பிரஸ்ஸில் நின்றவர்; இடது கையில் சுண்டு விரல் பாதிதான் உண்டு.

“இது உங்க யூசேஜ் சார். மாசம் பூரா எத்தனை தடவை சாஃப்ட்வேரை யூஸ் பண்ணாங்கன்னு.” சுவரில் குட்டையாக நிறையக் கோடுகள். நடுவில் ஒன்று மட்டும் தென்னை மரம் மாதிரி நின்றது. “பாருங்க சார், ஒரே நாள்ல மூவாயிரத்து நானூறு! மத்த கம்பெனில ஆறு மாசம் ஆகும். உங்க ஒர்க்கர்ஸ் அவ்ளோ ஆர்வமா இருக்காங்க.”

மேனேஜர் தலையாட்டினார். சுபாஷ் சார் கைதட்டினார். கோட்டுக்குக் கீழே தேதி இருந்தது. மே பத்தொன்பது, திங்கள்.

கேன்டீனில் ஒருவர் பின்னாலிருந்து, “அது சங்கிலி மெயில் வந்த நாள்டா” என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லிச் சிரித்தார். மூவாயிரத்து நானூறும் பிரஸ்ஸுக்குப் பயந்தவர்கள் அனுப்பியதும் திறந்ததும். அந்த மெயிலை முதலில் அனுப்பியது யார் என்று நான் காசிராஜன் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தக் கோட்டைப் பிள்ளையைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சாட்சி இல்லை.

ஆனால் அதை நினைக்க எனக்கு நேரமில்லை. மெயில் வந்த நாளும் பத்தொன்பதாம் தேதியும் ஒன்று. டேப்லெட் நின்றது. தட்டுகள் குவிந்தன. வட்டம் நின்று பக்கம் திறந்து, என் கடைசித் தட்டுக்கு வந்தபோது பஸ்ஸுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. திரையின் ஓரத்தில் ‘முழுத் தட்டும் ஓகே’ என்று ஒரு பட்டன் உண்டு. நான் அதை அழுத்தினேன். கேஜைத் தொடவில்லை. ஆனால் புள்ளி வைக்காமல் விட மனம் வரவில்லை. முப்பத்தாறையும் வரிசையாகத் திருப்பி, மடிப்புக்குள் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தேன். கேஜ் விடுவதற்கு ஆகிற நேரத்தில் பாதி அதற்கு ஆகியிருக்கும்.

இரவெல்லாம் மற்ற தட்டுகளை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கு வேறு யாராவது இன்னொரு தட்டை அப்படி விட்டிருக்கலாம். இசக்கிசெல்வி அக்காவும்தானே மெயில் அனுப்பினாள்? அப்படியே இருக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். எனக்கு வேலை போனால் அம்மா வாலாஜாபாத்தில் பேசி வைத்திருக்கிற இடத்தில் என்னைக் கட்டிக்கொடுத்துவிடுவாள். அந்த ஆள் என்னைப் பார்க்க வந்தபோது என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் சம்பளத்தைத்தான் கேட்டான்.

*

சனிக்கிழமை காலை பெட்டி வந்தது.

“செங்கா, உங்க மேஜைக்கு ரிட்டன் பெட்டி வந்து கீது. தூக்கினு போ” என்றாள் லீலா அக்கா. சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. தூக்கிக்கொண்டு வந்தேன். மேஜையில் யாரும் இல்லை. மாடத்தி அக்கா மேனேஜர் ரூமில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். இசக்கிசெல்வி அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

டேப்பைக் கிழித்து முதல் பிராக்கெட்டை எடுத்தேன். கேஜை விட்டேன். நுழையவே இல்லை. ஒரே ஒரு தடவை விட்டுப் பார்த்திருந்தால் போதும். மடிப்பைத் திருப்பினேன்.

நீலம்.

இரண்டாவது, நீலம். அடியிலிருந்து ஒன்றை உருவினேன். நீலம். என் புள்ளிகள் அழகாக இருந்தன. எல்லாம் ஒரே அளவில், ஒரே இடத்தில்.

எண்ணெய் துடைக்கத் தின்னர் பாட்டில் மேஜையில் எப்போதும் இருக்கும். துணியில் ஊற்றி ஒரு பிராக்கெட்டைத் துடைத்தேன். புள்ளி அவ்வளவு சுலபமாகப் போய்விட்டது. துணியில் ஒரு நீலத் தீற்றல். அவ்வளவுதான். முப்பத்தாறுக்கும் ஐந்து நிமிடம் ஆகும். புள்ளி இல்லாத பீஸ் யாருடையதும் இல்லை. நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்காது.

இரண்டாவதைக் கையில் எடுத்தபோதுதான் அது உறைத்தது. புள்ளி இல்லையென்றால் யாருடையதும் இல்லை என்று ஆகாது. டேப்லெட் சொல்வது நிற்கும். மாடத்தி என்று நிற்கும்.

டேப்லெட்டுக்கு முன்னால் அவளுடைய இரண்டு ஜோடி உறைகள் கழற்றிப் போட்டபடி கிடந்தன. விளக்கம் கொடுக்கப் போகிற அன்றைக்கும் காலையில் வந்து எங்களுக்கு விரல் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

துணியைக் கீழே போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன்.

உள்ளே தாண்டவராயன் சார், சுபாஷ் சார், பூஜா மேடம், காசிராஜன். மாடத்தி அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் பெட்டியை மேஜை மேல் வைத்தேன். ஒரு பிராக்கெட்டை எடுத்து மடிப்பைத் திருப்பி வைத்தேன். ஓவர்கோட் பையிலிருந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

“இன்னாமா இது?” என்றார் சுபாஷ் சார்.

மாடத்தி அக்கா பிராக்கெட்டைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். மார்க்கரை நிறுத்தியது, மூன்று நிறம் வாங்கியது, யாருக்கு எது என்பது. தன் மெரூன் பாட்டிலையும் எடுத்து வைத்தாள்.

“கஸ்டமர் பீஸ்ல நெயில் பாலிஷா?” சுபாஷ் சார் எழுந்துவிட்டார். “இன்னா பியூட்டி பார்லரா நடத்திக்கினு கீறீங்க?”

“உக்காரு சுபாஷ்” என்றார் மேனேஜர். பிராக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து, பாதி சுண்டு விரலால் புள்ளியைத் தொட்டுப் பார்த்தார். “செங்கமலம், நீ செக் பண்ணலையா?”

தலையாட்டினேன். “மெயில் அனுப்பிட்டிருந்தேன் சார். டேப்லெட் நின்னுபோச்சு. முழுத் தட்டும் ஓகே அழுத்திட்டேன்.” எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். பிறகு ஒரு மூச்சு எடுத்து, “அக்காவ விரல் வச்சிட்டியான்னு சுபாஷ் சார் கேட்டாரு. ரெண்டு தடவ. தேதி எழுதி வச்சிருக்கேன்” என்றேன்.

சுபாஷ் சார் காதிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மேனேஜர் காசிராஜன் பக்கம் திரும்பினார். “உங்க டேட்டா மாடத்தின்னு சொல்லுது. இருபது ரூபா பாட்டில் செங்கமலம்னு சொல்லுது. நான் எதைய்யா நம்பறது?”

காசிராஜன் கொஞ்சமும் அசரவில்லை. “கரெக்ட் சார். அதுக்குத்தான் ஃபேஸ் மாட்யூல் இருக்கு. விரலுக்குப் பதிலா முகம். அது போட்டுட்டா இந்தப் பிரச்சனையே வராது. இன்னிக்கே கொட்டேஷன் மெயில் பண்றேன் சார்.”

அந்த நேரத்தில் மாடத்தி அக்கா பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றில் கை நின்றது. மடிப்பைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். தின்னர் வாசனை சீக்கிரம் போகாது. அதை அப்படியே மற்றவற்றோடு அடுக்கிவிட்டாள்.

வெளியே வந்த பிறகு, வாஷ்பேசின் அருகில் நிறுத்தினாள்.

“ஒண்ணத் தொடச்சிருக்க.”

“ஆமாக்கா.”

“ரெண்டாவதத் தொடைக்கல?”

“இல்லக்கா.”

“என்னத்துக்கு?”

குழாயைத் திறந்து விரலைத் தேய்த்தேன். “ஒண்ணத் தொடச்சிருக்க” என்று மறுபடியும் சொன்னாள்; இந்தத் தடவை என்னிடம் சொல்லவில்லை. பிறகு போய்விட்டாள்.

*

மாடத்தி அக்காவின் பெயர் பட்டியலில் வந்தது. ஆறாவதாக. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். பேப்பர் இல்லாத கம்பெனி என்பதால் மெயிலில் வரும் என்று நினைத்தேன். பூஜா மேடம் மூன்று காப்பி எடுத்து மூன்றிலும் பேனாவால் கையெழுத்து வாங்கினாள். வேலை போகவில்லை. பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மேனேஜர்தான் அப்படிச் சொன்னாராம். பிராக்கெட்டை அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டுவதுதான் இப்போது என் வேலை.

சுபாஷ் சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடியில் ஃபேஸ் மாட்யூல் வந்தது. தொப்பி போட்டால் அதற்கு முகம் தெரியாது. தொப்பி இல்லாமல் லைனுக்குள் போகக் கூடாது. காலையில் எல்லோரும் அதன் முன் நின்று தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார்கள். முட்டை இன்னும் வரவில்லை.

புள்ளி வைப்பது மட்டும் நிற்கவில்லை. நெயில் பாலிஷ் வைத்தால் சஸ்பெண்ட் என்று நோட்டீஸ் ஒட்டிய பிறகு இரண்டு ஷிஃப்ட்டும் வைக்க ஆரம்பித்துவிட்டது. பேக்கிங் மேஜையில் எனக்குத் தெரிகிறது. மடிப்பைத் திருப்பினால் ஊதா, வெள்ளை, செம்பு நிறம், ஜிகினா போட்ட பச்சை. யாருடையது எது என்று யாரும் யாருக்கும் சொல்வதில்லை. மெரூன் நின்றுவிட்டது. மாடத்தி அக்கா நிறத்தை மாற்றிவிட்டாள். எது என்று கேட்கலாம். அவளோடு ஒரே பஸ்ஸில்தான் நிற்கிறேன். கேட்கவில்லை. கேட்டாலும் சொல்வாளா என்று தெரியவில்லை.

கழித்த இரும்பில் கிடந்த தேய்ந்த கேஜ் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். பெட்டியை ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு தட்டிலும் நாலைந்தை எடுத்து அதை விட்டுப் பார்க்கிறேன். யாரும் என்னை அதைச் செய்யச் சொல்லவில்லை. பார்த்த பிறகு அட்டைப் பெட்டியின் உள்மடிப்பில் ஒரு புள்ளி வைக்கிறேன்.

நான் நிறத்தை மாற்றவில்லை. நீலம் யாருடையது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.